அத்தாவின் வண்டிக்கு எஃப்சி

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் கண்ணாடி இருந்தால், அன்றைக்கு அதற்கு எஃப்சி என்று அர்த்தம். மற்ற நாட்களில் அந்தக் கண்ணாடிகள் பரணில் கிடக்கும், இல்லாவிட்டால் எங்கே கிடக்கிறது என்று வீட்டில் யாருக்குமே தெரியாது. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டால் திராட்சைப் பந்தல் என்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் ஆள் உயரம்தான். வண்டியை வரப்பில் நிறுத்திவிட்டு நாலு எட்டு நடந்தால் குறைந்துபோய்விடுவோம் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. பந்தலுக்கு அடியிலேயே தலையைக் குனிந்துகொண்டு ஓட்டிப் போவார்கள். கண்ணாடி கொடியில் மாட்டிக் குலையை உதிர்க்கும். அப்படியானால் கண்ணாடியைக் கழற்று. முன் இண்டிகேட்டரும் மாட்டுகிறதா, அதையும் கழற்று. பழப்பெட்டி ஏற்ற ஓர் இரும்புச் சட்டத்தைப் பட்டறையில் அடித்துப் பின்னால் மாட்டு. அது நம்பர் பிளேட்டை மறைத்தால் மறைத்துவிட்டுப் போகட்டும். பந்தலுக்காக உரித்த வண்டியை அதே கோலத்தில் மெயின் ரோட்டிலும் ஓட்டுவார்கள். பின்னால் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள இவர்களுக்கு மிச்சம் இருப்பது காது மட்டும்தான்.

எனக்கு உத்தமபாளையத்தில் கோர்ட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதனால் எஃப்சி வாங்க முடியாமல் திரும்பி வந்தவர்களின் புலம்பலை எல்லாம் நான் இலவசமாகக் கேட்டிருக்கிறேன். டயர் மொட்டை, பின் விளக்கு எரியவில்லை, சைலன்சரை மாற்றி வைத்திருக்கிறான், நம்பரைப் பூ எழுத்தில் எழுதியிருக்கிறான். திருப்பி அனுப்பியதற்கு ஆர்டிஓ ஆபீஸைத் திட்டுவார்களே தவிர, டயர் எப்போது மொட்டையானது என்று ஒருத்தர்கூட யோசிக்க மாட்டார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே தலைவலி என் வீட்டுக்கே வந்தபோது என் கோபத்துக்குக் கேட்கவா வேண்டும்.

எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கோம்பை ரோட்டில் எங்களுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் உண்டு. விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. தெருமுனைக்கு நடப்பதற்கே சுவரைப் பிடிப்பார். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மனிதர் வேறு. தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாள், கொடியைக் கவாத்து வெட்டும் நாள், எல்லாம் அவர் சொல்வதுதான். அந்த வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது. ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டி, இன்ஸ்பெக்டர் பார்த்து, இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம் என்று புதுப்பித்துத் தர வேண்டும். சட்டத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. லாரிக்குச் சொல்கிற பெயரையே நாங்கள் பைக்குக்கும் சொல்லி எஃப்சி என்போம்.

அத்தா இருப்பது அண்ணன் வீட்டில். நான் இரண்டு தெரு தள்ளி. அண்ணனுக்கு உரக்கடை. எஃப்சி பேச்சு எழுந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். நானும் அங்கே இருந்தேன்.

“இந்த வண்டி பாஸாகலன்னா வேற வண்டியெல்லாம் கெடையாதுத்தா. தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுருவோம். நீங்க கடையில வந்து ஃபேனுக்குக் கீழ உக்காருங்க.”

சத்தமாகத்தான் சொன்னான். அத்தா தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தார். பிறகு, “பாஸாகும்” என்றார். அவ்வளவுதான். எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது. உரக்கடையில் ஃபேனுக்குக் கீழே உட்காருவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அங்கே ஏற்கெனவே மூன்று பெரியவர்கள் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். பேப்பரைப் புரட்டுவார்கள், டீக்குக் காத்திருப்பார்கள், யார் மகன் வந்து கூட்டிப் போவான் என்று ரோட்டைப் பார்ப்பார்கள். அந்த வரிசையில் என் அத்தாவைக் கொண்டுபோய் வைப்பதா? அவனுக்கு வேலை இருக்கிறதாம், எஃப்சிக்கு வரமாட்டானாம். நானே கூட்டிப்போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அத்தா முன்னால் அவர் வண்டியில், நான் பின்னால் என் ஸ்கூட்டரில். போய்ச் சேர்ந்தால் ஆபீஸ் மைதானத்தில் ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. வரிசையில் நிற்கும் வண்டிகளில் முக்கால்வாசி எங்கள் பக்கத்துத் தோட்டத்து வண்டிகள். முதல் வண்டி பாஸானதும் அதன் கண்ணாடியைக் கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டுகிறார்கள். அது முடிந்ததும் அதற்கடுத்த வண்டிக்கு. ஒரே ஜோடிக் கண்ணாடி வரிசை முழுக்க ஊர்வலம் போகிறது. யாருக்கும் கூச்சமே இல்லை. ஒருவர் என்னிடம் வந்து, “ஒங்களுக்கு வேணுமாக்கா, அடுத்து தரச் சொல்றேன்” என்று உபகாரம் வேறு செய்தார். எனக்கு வந்த கோபத்தில் வேண்டாம் என்றுவிட்டேன். எங்கள் வண்டியிலும் கண்ணாடி இல்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

ஆனால் கண்ணாடிக்குப் போகும் முன்பே மாட்டிக்கொண்டோம். இன்ஸ்பெக்டர் ஒரு பெண், என்னைவிட வயது குறைந்தவர். முதலில் வண்டியின் கழுத்தைத்தான் குனிந்து பார்த்தார். ஹேண்டில்பாருக்குக் கீழே அந்தக் கழுத்தில்தான் சேசிஸ் நம்பரைப் பொறித்திருப்பார்கள். அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் காகிதத்தில் வரவேண்டும். அவர் தேய்த்தார், தேய்த்தார், காகிதம் கறுத்ததே தவிர ஓர் எண் வரவில்லை. ஏனென்றால் அத்தா, கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி, முந்தின வாரம் வண்டி முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். பழைய வண்டி என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாதாம். எஃப்சிக்குப் போகிற வண்டியில் எதை அவர்கள் பார்த்தே தீருவார்களோ, அதன்மேலேயே இரண்டு பூச்சுப் பூசி மூடியிருந்தார்.

“நம்பரே இல்லாத வண்டிய நான் எப்படிம்மா பாக்குறது?” என்றார் இன்ஸ்பெக்டர். கண்ணாடி, இண்டிகேட்டர், மறைந்த நம்பர் பிளேட் எல்லாவற்றையும் அடுத்தடுத்துச் சொன்னார். நான் சும்மா இருக்கவில்லை. வயசான மனுஷனை இப்படி அலைக்கழிக்கலாமா என்று ஒரு மூச்சு சத்தம் போட்டேன். அவர் நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “எல்லாம் மாட்டிட்டு வாங்க” என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அத்தா அவரைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அதற்கப்புறம் மெக்கானிக் கடையே கதி. தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்து நம்பரை வெளியே கொண்டுவந்தோம். பின்னாலிருந்த சட்டத்தை அறுத்தோம். இரண்டு பக்கமும் புதுக் கண்ணாடி. அத்தாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

“பந்தலுக்குள்ள எப்படித்தா போறது?” என்றார். மகளை அவர் கூப்பிடுவது எப்போதும் ஆத்தா என்றுதான்.

“வெளிய நிறுத்திட்டுப் போங்க.”

“என்னது?”

“வெளிய நிறுத்திட்டுப் போங்கன்னேன்!” தெருவே திரும்பிப் பார்த்தது.

மறுபடி போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அண்ணன் வீட்டு வாசலில் வைத்து எல்லாவற்றையும் நானே சோதித்தேன். இண்டிகேட்டர் மின்னியது. அத்தா பிரேக்கை மிதிக்க, நான் பின்னால் நின்று பார்த்தேன். விளக்கு பளிச்சென்று சிவப்பாக எரிந்தது. அண்ணன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் மைதானத்தில் சேசிஸ் நம்பர் அழகாகப் பென்சிலில் வந்தது. கண்ணாடியைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் இரவல் கண்ணாடியா என்று ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. “பிரேக்க மிதிங்கய்யா” என்றார். அத்தா மிதித்தார். பின்னால் ஒன்றும் எரியவில்லை. மறுபடி மிதித்தார். கை பிரேக்கைப் பிடித்தார். அப்போதும் எரியவில்லை. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒரே அவமானம். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

நேராக மெக்கானிக் கடைக்குப் போய் அந்த மனிதரைப் பிடிபிடி என்று பிடித்தேன். அவர் பின் விளக்கின் மூடியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, பல்பு பியூஸ் போகல. பல்பே இல்ல.”

அந்த இடம் காலியாக இருந்தது. திருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எந்தத் திருடன் ஒரு பல்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மூடியைத் திரும்ப மாட்டி, ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் போவான்? வண்டி ராத்திரி நின்றது அண்ணன் வீட்டு வாசலில், கேட்டுக்கு உள்ளே. அத்தாவை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு உரக்கடைக்குப் போனேன்.

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. அது ஒன்றுதான் அவனிடம் எனக்குப் பிடித்த குணம்.

“ஆமா, நாந்தான் கழட்டுனேன்” என்றான்.

“அத்தா என்ன பாவம் பண்ணுனாக ஒனக்கு?”

“கத்தாத. ஆளுக இருக்காக.” என்னை உள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போனான். “போன மாசம் தோட்டத்துப் பாதைக்குத் திரும்புற எடத்துல, பின்னால பஸ்ஸு வந்துக்கிட்டிருந்திருக்கு. டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்திருக்காக. அத்தா திரும்பியே பாக்காம குறுக்க வண்டிய ஓட்டிட்டாக. பஸ்ஸ மண்ணுல எறக்கித்தான் நிறுத்தியிருக்காக. அந்த டிரைவர் இங்கன கடைக்கே வந்து சண்டை போட்டாக. ஒங்க அத்தா செவிடா, இல்ல சாகப் போறாகளான்னு கேட்டாக. நான் என்ன பதில் சொல்றது?”

“அத அத்தாகிட்டச் சொன்னியா?”

“எப்படிச் சொல்லச் சொல்ற? ஒங்களுக்குக் காது போச்சு, வண்டிய வைங்கன்னு அவுகளப் பாத்துச் சொல்ல முடியுமா? வண்டி பாஸாகலன்னா அதுவா நின்னுரும்ல. யாரு மேலயும் பழி இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஒனக்கும்தான தெரியும். நீ சொன்னியா?”

தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அத்தாவுக்கு எதிரே உட்கார்ந்தால் தானாகக் குரல் உயர்ந்துவிடுகிறது. டிவியின் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. பாங்கு சொல்வது கேட்காமல் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அவர் பள்ளிவாசலுக்குக் கிளம்புகிறார். புரியாத இடத்தில் எல்லாம் தலையாட்டிச் சிரித்துவிடுகிறார். நாங்கள் எல்லாரும் சத்தமாகப் பேசப் பழகிக்கொண்டோமே தவிர, ஏன் என்று ஒருத்தரும் வாய் திறந்து சொன்னதில்லை. அதை மரியாதை என்று நினைத்தோம். என்ன மரியாதை இது? ஒரு மனிதருக்குக் காது கேட்கவில்லை என்பதை அவரைத் தவிர ஊருக்கே சொல்லிவைக்கிற மரியாதை!

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

“அண்ணே, பின்னால வர்ற வண்டி அவுகளுக்குக் கேக்காது. அவுக பிரேக் போடுறது பின்னால வர்றவனுக்காவது தெரியும்னு இருந்தது அந்த ஒரு வெளக்குதான். அதையும் கழட்டிட்டு, அவுகள மெயின் ரோட்டுல போகவிட்டுட்டு, நீ இங்கன ஒக்காந்து யூரியா வித்துக்கிட்டு இருந்திருக்க.”

அவன் முகம் வெளிறிவிட்டது. சத்தியமாக அதை அவன் யோசிக்கவே இல்லை. கல்லாவைத் திறந்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த பல்பை எடுத்து என் பக்கம் நீட்டினான். நான் வாங்கவில்லை. நீயே மாட்டு, அடுத்த தடவை நீயும் வா, அதற்கு முன்னால் அத்தாவிடம் நீயே சொல்லு என்று மூன்று கட்டளை போட்டுவிட்டு வந்தேன். முதல் இரண்டையும் செய்தான். மூன்றாவதைச் செய்யவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போனான். அவனைத் திட்டியபடியே நானும் சொல்லாமல்தான் இருந்தேன்.

மூன்றாவது தடவை அண்ணன் தன் வண்டியில் வந்தான். ஹெல்மெட்டை இந்த ஊர் வழக்கப்படி முழங்கையில் மாட்டியிருந்தான். இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். நம்பர் சரி. கண்ணாடி சரி. பிரேக்கை மிதித்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டயர், செயின் கவர், முன் விளக்கு எல்லாம் சரி.

“ஹாரன் அடிங்கய்யா.”

அத்தா இன்ஸ்பெக்டரின் வாயைப் பார்த்தார். புரிந்துகொண்டு கட்டை விரலால் பட்டனை அமுக்கினார். புது பேட்டரி. ஹாரன் மைதானமே அதிர அடித்தது.

“போதும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

அத்தா விரலை எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அப்போது காகிதத்தில் எழுதக் குனிந்திருந்தார், அவர் வாய் தெரியவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வரிசையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். ஒருத்தர், “யோவ் பெரியவரே!” என்று கத்தினார். அத்தாவின் நெற்றி வேர்த்தது. இன்னும் அழுத்தி அமுக்கினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

“அடிக்கலயேத்தா. நேத்து எல்லாஞ் சரியா இருக்குன்னுதான சொன்ன?”

அவர் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். காதைப் பொத்தியிருந்த கைகளைப் பார்த்தார். மெதுவாக முன்னால் குனிந்து, இடது உள்ளங்கையை ஹாரன் மேல் வைத்து, வலது விரலால் இன்னொரு தடவை அமுக்கினார். உள்ளங்கையில் அது அதிர்ந்திருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டார். மைதானம் அமைதியானது.

நாங்கள் இரண்டு பிள்ளைகளும் மரமாக நின்றோம். அந்தப் பெண்தான் வந்தார். அத்தாவின் முகத்துக்கு நேராக நின்று, வாய் தெரியும்படி நிதானமாகச் சொன்னார்.

“ஐயா, வண்டி பாஸ். ஒங்களுக்குத்தான் காது சரியாக் கேக்கல. தேனிக்குப் போயி டாக்டர்ட்ட காட்டுங்க. அதுவரைக்கும் தனியா ஓட்டாதீங்க.”

“சரி தாயி” என்றார் அத்தா.

இவ்வளவுதானா? எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. பெயர் தெரியாத ஒரு பெண், வெயிலில் நின்றுகொண்டு, ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போன விஷயத்தைத்தான் நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து மூடி மூடி வைத்திருந்தோம்.

அத்தா எங்கள் பக்கம் திரும்பினார். “ஒங்களுக்கெல்லாம் முன்னமே தெரியுமா?”

நான் தலையை அசைத்தேன்.

“வீட்ல எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான், அத்தா.”

“அப்ப நான் ஒருத்தந்தான் பாக்கியா” என்றார்.

அண்ணனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அத்தாவின் காதுக்குப் பக்கத்தில் போய், மைதானத்துக்கே கேட்கிற மாதிரி, “பல்ப நாந்தான் கழட்டுனேன்த்தா! நீங்க ஓட்டக் கூடாதுன்னுதான் கழட்டுனேன்! பயந்துபோயிக் கழட்டுனேன்!” என்று கத்தினான். ஐம்பது வயதை நெருங்குகிற ஆள், கண்ணெல்லாம் தண்ணீர்.

அத்தா அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் அடித்துவிடுவார் என்றே நினைத்தேன்.

“ஏலே, ஸ்க்ரூ டிரைவரத் தேடுன நேரத்துல இப்படி வந்து கத்தியிருக்கலாம்ல?” என்றார். வண்டியை ஸ்டார்ட் செய்தார். “ஏறு பின்னால. மூஞ்சியப் பாத்துத்தான சொல்ல முடியல, முதுகுக்குப் பின்னால ஒக்காந்து சொல்லு. ஹாரன் கேட்டா தோள்ல தட்டு.”

அண்ணன் தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, அத்தாவின் பின்னால் ஏறினான். அவன் ஏறியதும் வண்டி ஒரு அமுங்கு அமுங்கியது. நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். மெயின் ரோட்டில் ஏறியதுமே ஒரு வேன் ஹாரன் அடித்தது. அண்ணன் தோளில் தட்டினான். அத்தா கண்ணாடியைப் பார்த்து ஓரமாக ஒதுங்கினார். வேன் போய்விட்டது. அடுத்து ஒரு லாரி, மறுபடி தட்டு. ஒரு பஸ், அதற்கும் தட்டு. தேங்காய் லோடு ஏற்றிய டெம்போ, கேரளாவுக்குப் போகிற ஜீப், காலேஜ் பையன்கள், எல்லாரும் அடித்தார்கள். அண்ணன் கை ஓயவில்லை. நான் பின்னால் அழுதுகொண்டும், அந்த இரண்டு பேரையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டும் வந்தேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அத்தா இறங்கினார். சுவரைப் பிடித்து நின்று, தோளைத் தடவிக்கொண்டார். பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

“இத்தன நாளும் இம்புட்டுப் பேரா எனக்கு ஹாரன் அடிச்சிருக்காக?”